சருமப் பராமரிப்புத் தொழிலில் மனநிறைவு கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள், சேர்ந்துவிட்டுப் பாதியில் குழம்பி நிற்பவர்கள், வேறு வேலையை விட்டு இதற்கு வர நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. சருமப் பராமரிப்பாளர் என்று இங்கே சொல்வது ஃபேஷியல், பீல் (அமிலம் பூசி மேல்தோலின் இறந்த செல்களை உரித்தெடுப்பது), வேக்ஸிங், பருவுக்கான பராமரிப்பு போன்றவற்றைச் செய்கிறவரை. மருத்துவரை அல்ல.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இந்தத் தொழில் நிறைவு தருமா?

தரும், ஆனால் தாமதமாகத்தான் தரும். தொடக்கத்தில் மிஞ்சுவது அலுப்பும் சின்னச் சம்பளமும்தான். ஒரே ஆள் மூன்றாவது, நான்காவது முறையாக உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு வரும்போதுதான் இந்த வேலையின் ருசி பிடிபட ஆரம்பிக்கும். சருமம் ஒரு நாளில் மாறுவதில்லை. ஒரு தடவை வந்து போகிறவருக்கு நீங்கள் செய்தது பலித்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அதனால் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்குத்தான் நிறைவு. வருமானமும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் ஏறும்.

பளபளப்பான அறை, மெல்லிய இசை, வாசனை எண்ணெய் ஆகியவற்றைப் பார்த்து வருகிறவர்கள் சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள். அந்த அறையின் சுகமெல்லாம் படுத்திருப்பவருக்கு மட்டும்தான்.

ஒரு நாளில் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடச் சுத்தம் செய்வதுதான் அதிகம். படுக்கை விரிப்பு மாற்றுவது, கிண்ணம், பிரஷ் கழுவுவது, கருவிகளைக் கிருமிநாசினியில் சொன்ன நேரம் முழுக்க ஊறவைப்பது, ஸ்டீமரில் தண்ணீர் மாற்றுவது, துண்டுகளைச் சூடாக்குவது, வேக்ஸ் குச்சியை ஒரு தடவை தொட்டதும் தூக்கிப் போடுவது. ஒரு குச்சியை மறுபடி வேக்ஸில் முக்குகிற இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள். மற்ற எதையும் விசாரிக்கவே வேண்டாம்.

அடுத்து பேச்சும் எழுத்தும். புதிதாக வருகிறவரிடம் என்ன மருந்து சாப்பிடுகிறார், என்ன கிரீம் போடுகிறார், ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை இது. பருவுக்காக ஐசோட்ரெடினோயின் மாத்திரை எடுப்பவருக்கு வேக்ஸ் போட்டால் முடியோடு தோலும் உரிந்து வரலாம். மருந்தை நிறுத்திய பிறகும் 6 மாதம் வேக்ஸ் வேண்டாம் என்பதுதான் வழக்கமான எச்சரிக்கை. ரெட்டினாய்டு எனும் வைட்டமின் ஏ வகைக் கிரீம் பூசுகிறவர்களிடமும் இதே கவனம் வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவற்றுக்கு நடுவில்தான் ஃபேஷியல்.

தோல் மருத்துவருக்கும் சருமப் பராமரிப்பாளருக்கும் கோடு எங்கே?

நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. ஆரோக்கியமான சருமத்தைப் பேணுவது, மேல்தோலில் தெரிகிற சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்வது நம் வேலை. லேசர், ஆழமான பீல், ஊசி போன்றவற்றை யார் செய்யலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பகுதியில் சட்டம் என்ன சொல்கிறது என்று படிப்பில் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு இருப்பதால் நம் வேலை தாழ்ந்துபோவதில்லை. ஒருவருடைய முகம், முதுகு, கழுத்தின் பின்பக்கம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழே, மாதம் ஒரு முறை பார்க்கிற ஆள் வேறு யார்? அவருக்கே தெரியாத மச்சம் நமக்குத் தெரியும். தோல் புற்றுநோயாக இருக்கக்கூடிய மச்சத்தைக் கவனிக்க ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்லித் தருவார்கள்: இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லாதது, ஓரம் ஒழுங்கற்றிருப்பது, பல நிறங்கள் கலந்திருப்பது, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது, மாறிக்கொண்டே வருவது. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் நாம் சொல்ல வேண்டியது, “இதை ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்” என்பது மட்டும்தான். இது அதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று ஆரூடம் சொல்லக் கூடாது. அந்த ஒரு வரி சிலருக்கு உயிரைக் காப்பாற்றிக் கொடுக்கும். அப்படி நடந்தால் எத்தனை ஃபேஷியல் செய்தாலும் கிடைக்காத நிறைவு அது.

அறிவியல் எவ்வளவு படிக்க வேண்டும்? எனக்கு வேதியியல் வராது.

பள்ளியில் வராத வேதியியல் இங்கே வந்துவிடும், ஏனென்றால் விளைவு கண் முன்னாலேயே தெரிகிறது. தோலின் அடுக்குகள், எண்ணெய்ச் சுரப்பி, நிறமி உருவாகிற விதம், கிருமிகள், பொருள்களில் சேர்க்கிற மூலக்கூறுகள். அடிப்படை இவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. இளவயதினருக்கு மேல்தோல் செல்கள் அடியில் பிறந்து, மேலே வந்து, உதிர்ந்துபோக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். இது தெரிந்தால் ‘ஒரே வாரத்தில் மாற்றம்’ என்கிற விளம்பரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும், ஃபேஷியலுக்கு ஏன் மாத இடைவெளி சொல்கிறார்கள் என்பதும் புரியும். இன்னொன்று: சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை உடையது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணச் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிற உணர்வு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். “சுத்தமாகிவிட்டது” என்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பீல் வகைகளில் பெரிதும் பயன்படும் கிளைகோலிக், லாக்டிக் அமிலங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. தோல் மீன் செதில் போலத் தடிக்கிற நோய்க்கு இந்த வகை அமிலங்கள் உதவுகின்றன என்று யூஜின் வான் ஸ்காட், ருயி யூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-ல் எழுதினார்கள். அழகுத் துறைக்குள் அவை பரவியது அதற்குப் பிறகுதான். இப்படி ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடுகிற குணம் இருந்தால் இந்த வேலை சலிக்காது.

சான்றிதழ் அவசியமா?

பல நாடுகளில் உரிமம் கட்டாயம். சில இடங்களில் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்திலும் படித்துவிட்டே வாருங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் நாடுகளுக்கிடையே மதிப்புள்ள பட்டயங்கள் பக்கம் பாருங்கள். 1946-ல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சிடெஸ்கோ என்ற சர்வதேச அழகுக்கலை அமைப்பின் பட்டயம் அவற்றில் பழையது. எந்தச் சான்றிதழும் போகிற நாட்டின் உரிமத்துக்கு ஈடாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பாடம் முடிவதற்குள் உண்மையான ஆட்கள் எத்தனை பேருக்கு என் கையால் செய்வேன்? பொம்மைத் தலையையும் பக்கத்துச் சீட்டுத் தோழியையும் மட்டும் வைத்துக் கற்றவர்களுக்கு, முதல் நாள் பரு நிறைந்த முகம் வந்தால் கை நடுங்கும்.

வருமானம் எப்படி இருக்கும்?

தொகை சொல்லிப் பயனில்லை. அது ஊரையும் இடத்தையும் பொறுத்தது. அமைப்பைச் சொல்கிறேன்.

ஒன்று, மாதச் சம்பளமும் மேலே கொஞ்சம் கமிஷனும். ஆரம்பிக்க இதுதான் நல்லது, ஆள் வராத நாளிலும் சோறு உண்டு. இரண்டு, முழுக்கக் கமிஷன். வாடிக்கையாளர் வட்டம் இல்லாதவர் இதில் காலை விட்டால் பட்டினிதான். மூன்று, ஓர் அறையையோ ஒரு படுக்கையையோ வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகச் செய்வது. வருமானம் முழுதும் உங்களுடையது. வாடகை, பொருள், காப்பீடு, வரி, வராமல் ஏமாற்றுகிற ஆள் என எல்லாமும் உங்களுடையதுதான்.

புதியவர்கள் கணக்குப் போடும்போது விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஃபேஷியல் ஒரு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரத்தில் எட்டு என்று பெருக்கிவிடுகிறார்கள். நடுவில் சுத்தம் செய்யவும், குறிப்பெழுதவும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் நேரம் வேண்டும். எட்டு மணி நேரமும் ஆள் நிறைந்திருக்கிற நாள் அபூர்வம். அப்படி நிறைந்தால் உங்கள் மணிக்கட்டு தாங்காது.

உடம்புக்குக் கஷ்டமான வேலையா?

ஆமாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கழுத்தைக் குனிந்து, தோளைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி நாள் முழுக்க வேலை செய்தால் முதலில் கட்டைவிரல், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முதுகு என்று வரிசையாக வலிக்கும். படுக்கையின் உயரத்தை ஒவ்வொரு முறையும் சரிசெய்வது, விரல் நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையால் அழுத்தக் கற்பது, உட்கார்ந்தே செய்யக்கூடியதை நின்று செய்யாதிருப்பது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே பழக்கிக்கொள்ள வேண்டும். வலி வந்த பிறகு பழக்கம் மாறுவது கடினம்.

இன்னொன்று, உங்கள் கையின் சருமம். நாள் முழுக்கத் தண்ணீர், சோப்பு, கிருமிநாசினி, வாசனைப் பொருள் என்று கை நனைந்துகொண்டே இருந்தால் எரிச்சலாலோ ஒவ்வாமையாலோ தோலழற்சி வரலாம். முகத்தைப் பராமரிக்க வந்தவரின் கை வெடித்துக் கிடப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். நைட்ரைல் கையுறை போடுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் வாசனையில்லாத கிரீம் பூசுங்கள்.

அடுத்தவர் முகத்துப் பருவையும் சீழையும் தொட அருவருப்பாக இருக்காதா?

முதல் மாதம் இருக்கும். பிறகு அது ஒரு வேலை. பலருக்குக் கரும்புள்ளி எடுப்பதுதான் நாளின் பிடித்தமான பகுதியாகவே ஆகிவிடும்.

மனதளவில் எப்படி?

கதவு சாத்திய அறை, மங்கிய வெளிச்சம், கண்ணை மூடிப் படுத்திருக்கிற ஒருவர், அவர் முகத்தில் உங்கள் கை. பேச்சு தானாக வரும். மணமுறிவு, குழந்தை இல்லாத கவலை, அம்மாவின் மறைவு என்று வெளியே யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள். சிலர் அழுவார்கள். கேட்டுக்கொள்ள வேண்டும். அறிவுரை சொல்லக் கூடாது. அடுத்த ஆளிடம் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இது சம்பளச் சீட்டில் வராத உழைப்பு. ஐந்தாவது கதையைக் கேட்கிற நேரத்தில் உங்களுக்கே தலை கனத்துப்போகும். சிலருக்கு இது பெரிய பாரம். சிலருக்கு இதற்காகவே இந்த வேலை பிடிக்கும். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடுமையான பருவோடு வருகிறவர்கள் தனி ரகம். பலர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். “எல்லாம் செய்து பார்த்தாச்சு” என்பார்கள். அவர்களிடம் பெரிய வாக்குறுதி கொடுக்காமல், மருத்துவர் தேவையென்றால் அங்கே அனுப்பி, மீதியை நிதானமாகச் செய்ய வேண்டும். சில மாதங்கள் கழித்து அதே ஆள் மேக்கப் இல்லாமல் நிமிர்ந்த தலையோடு உள்ளே வருவதைப் பார்த்தவர்களிடம் ‘நிறைவு தருமா’ என்று கேட்டால் சிரிப்பார்கள்.

“என்னை வெள்ளையாக்குங்கள்” என்று கேட்டால் என்ன செய்வது?

இந்தத் தொழிலில் உங்கள் முதுகெலும்பைச் சோதிக்கிற கேள்வி இதுதான். கேட்பார்கள், அடிக்கடி கேட்பார்கள்.

பிறவி நிறத்தை மாற்றுவது பராமரிப்பு ஆகாது. மங்கு, பருத் தழும்பின் கருமை, வெயிலில் கருத்தது போன்றவற்றைக் குறைக்க உதவலாம். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வெள்ளையாக்குவதாகச் சொல்லி விற்கப்படுகிற சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். போகப்போகத் தோல் மெலிந்து, ரத்த நாளம் வெளியே தெரிந்து, பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த நிலையில் வருகிறவருக்கு நாம் எதையும் பூசக் கூடாது, நேராகத் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்னும் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-ல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகும் அவை கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

தொழில்முறைக் காரணமும் ஒன்று உண்டு. நிறம் அடர்ந்த சருமத்தில் எந்தச் சின்னக் காயமும், சூடும், எரிச்சலும் ஆறிய பிறகு கரும்படலத்தை விட்டுப்போகலாம். அவசரப்பட்டுக் கொஞ்சம் கூடுதலான வலிமையில் பீல் போட்டால், போக்க வந்த கருமை இரண்டு மடங்காகித் திரும்பும். வெயில் பட்டால் எப்படி மாறுகிறது என்பதை வைத்துச் சருமத்தை ஆறு வகையாகப் பிரிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை எல்லாப் படிப்பிலும் சொல்லித் தருவார்கள். தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் அதை உருவாக்கியபோது புற ஊதா ஒளிச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கத்தான் செய்தார், அதுவும் வெளிர்நிறச் சருமத்துக்கு மட்டும், நான்கு வகையாக. மாநிறத்துக்கும் கருநிறத்துக்குமான வகைகள் பிறகு சேர்ந்தவை. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலாகவே இருக்கும். கருத்த தோலில் எரிச்சலின் சிவப்பு, சிவப்பாகத் தெரியாது, ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தெரியும். இதைக் கண்ணால் கற்றவருக்கு எங்கே போனாலும் மதிப்பு.

வாடிக்கையாளரை விரட்டாமல் “முடியாது” என்று சொல்ல ஒரு வழி: “உங்கள் நிறத்தை மாற்ற மாட்டேன், இந்தக் கருமையைக் குறைத்துப் பார்க்கலாம், முதலில் சன்ஸ்கிரீனிலிருந்து ஆரம்பிப்போம்.” பலர் ஒத்துக்கொள்வார்கள். சிலர் எழுந்து போவார்கள். போகட்டும்.

பொருள் விற்கச் சொல்லி நெருக்குவார்களாமே?

நெருக்குவார்கள். பல இடங்களில் மாத இலக்கே உண்டு. வீட்டுப் பராமரிப்பு இல்லாமல் மாதம் ஒரு ஃபேஷியலால் பெரிதாக எதுவும் நடக்காது என்பதும் உண்மைதான். எனவே பொருள் பரிந்துரைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். தேவையில்லாததைத் தலையில் கட்டுவதுதான் தவறு.

சொல்லித் தருவதற்கே நிறைய இருக்கிறது. எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், தோலைச் சுடுகிற யு.வி.பி. எனும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த எண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தவை. பெரும்பாலானவர்கள் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. விலை அதிகமான குப்பியை விற்பதைவிட, கையில் இருப்பதைத் தாராளமாகப் பூசச் சொன்னால் முகம் மாறும். முகம் மாறினால் ஆள் திரும்பி வருவார். இலக்கை மட்டுமே பார்க்கிற மேலாளருக்கு இந்தக் கணக்கு புரியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். இந்தத் தொழிலை வெறுத்துப் போனவர்களில் பலர் வெறுத்தது தொழிலையே இல்லை, தாங்கள் வேலை பார்த்த இடத்தைத்தான்.

ஆண்கள் வரலாமா?

வரலாம். சில பெண்கள் தயங்குவார்கள், அது அவர்கள் உரிமை. ஆண் வாடிக்கையாளர்கள் பெருகிவருகிறார்கள். சவரத்தால் உள்ளே வளர்கிற முடி, அதனால் வரும் கட்டி போன்றவற்றை ஆண்களுக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரியும்.

என் முகத்திலேயே பரு இருக்கிறது. என்னை நம்பி வருவார்களா?

வருவார்கள். சொல்லப்போனால் பருவோடு வருகிறவர் உங்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்.

இயந்திரங்களும் செயலிகளும் வந்துவிட்டால் இந்த வேலை இருக்குமா?

முகத்தைப் படம் பிடித்து எண்ணெய்ப் பசை இவ்வளவு, சுருக்கம் இவ்வளவு என்று சொல்கிற கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான், முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஆனால் படுத்திருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், கன்னம் இன்று வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது, இன்றைக்குப் பீல் வேண்டாம், வெறும் குளிர் ஒத்தடம் போதும் என்று தீர்மானிக்கிறது கை. அந்தத் தீர்மானத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். ஸ்கிரிப்ட் மனப்பாடம் செய்தது போல எல்லோருக்கும் ஒரே ஃபேஷியலைச் செய்கிறவருக்குத்தான் ஆபத்து. அவருக்கு இயந்திரம் வராவிட்டாலும் ஆபத்துதான்.

சில வருடங்களில் சலித்துவிடாதா? அடுத்த படி என்ன?

ஒரே மாதிரி வேலை, ஒரே அறை. சலிக்கும். கிளை பிரிய நிறைய வழி இருக்கிறது: தோல் மருத்துவரின் கிளினிக்கில் சேர்ந்து சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான பராமரிப்பைச் செய்வது, பயிற்றுநர் ஆவது, பொருள் தயாரிக்கிற நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவுக்குப் போவது, தழும்பை மறைக்கும் மேக்கப் கற்பது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு என்று ஒரு தனித் துறையும் இருக்கிறது. தனிப் பயிற்சி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கதிர்வீச்சுப் பட்ட இடத்தைச் சீண்டக் கூடாது, நிணநீர் முடிச்சு எடுத்த பக்கத்தில் அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது, மருத்துவக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அங்கே பீலும் இல்லை, ஆவியும் இல்லை. வாசனையற்ற கிரீமும் மெதுவான கையும்தான். மாதக்கணக்கில் ஊசிக்காக மட்டுமே தொடப்பட்ட ஒருவரை வலிக்காமல் தொடுவதுதான் வேலை. அதைச் செய்கிறவர்களிடம் சலிப்பு பற்றிய பேச்சை நான் கேட்டதில்லை.

சேர்வதற்கு முன் எனக்கு ஒத்துவருமா என்று எப்படிச் சோதிப்பது?

படிப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன், நன்றாக நடக்கிற ஓர் இடத்தில் ஓரிரண்டு வாரம் உதவியாளராக நிற்கக் கேளுங்கள். முன்மேசையில் உட்கார்ந்தாலும் சரி, துண்டு மடித்தாலும் சரி. சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “உங்களையே கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர், அந்த அளவுக்கு வர எத்தனை காலம் ஆயிற்று?” அப்புறம் வீட்டுக்கு வந்து, யாராவது ஒருவரைப் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் அவசரமில்லாமல் முகத்தைக் கழுவித் துடைத்து மசாஜ் செய்து பாருங்கள். இருபதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்களா, அல்லது நேரம் போனதே தெரியவில்லையா என்பதைக் கவனியுங்கள். கடிகாரத்தைப் பார்த்தவர்கள் மேக்கப், நகக் கலை, விற்பனை, அழகுப் பொருள் ஆய்வகம் என்று பக்கத்துத் துறைகளையும் ஒரு முறை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.